பதினான்கு நாள் பாத்தி மிதித்தவனுக்கு

2025 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை, காலை 11 மணி 20 நிமிடம். எண்ணிக்கை: பதினொன்றுக்குப் பதினொன்று. நான்கு வருடத்துக்கு முன்னால், உதவித்தொகைத் தேர்வில் ஜெயித்துவிட்டு இந்த ஐஸ் கம்பெனி மாடிக்கு வந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர். இன்றைய தேதிக்கு அந்தப் பதினொரு பேரும் ப்ளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்கள். கடைசி ஆள் முத்துச்செல்வி. அரசுப் பொறியியல் கல்லூரி, கெமிக்கல் பிரிவு. விடுதி அறைச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறாள். கீழே ஐஸ் உடைக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தையும் மீறி நாங்கள் போட்ட சத்தத்தில் கம்பெனி அண்ணாச்சி, "மேல என்னல, எவனும் விழுந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே படியேறி வந்துவிட்டார்.

மக்கா, அந்த நேரத்தில் நீ இங்கே இல்லை. புதன்கிழமை ரயிலுக்குப் பெட்டி கட்டுகிறேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாய். குஜராத்தில் ஒரு துறைமுகம், கிரேன் பராமரிப்பில் பயிற்சி வேலை, இரண்டு வருடம். நீ போவதற்கு முன்னால் உன்னிடம் சில விஷயம் சொல்ல வேண்டும். நேரில் சொன்னால் நான் பாதியில் கத்துவேன், நீ பாதியில் எழுந்து போவாய். வீட்டில் அதுதான் வழக்கம். அதனால் எழுதுகிறேன். எழுதியதில் ஒரு பிரதியை இந்த மாடியில் இருக்கும் பலகையில் ஒட்டவும் போகிறேன். ஒரு பிள்ளையை நான் எல்லார் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டினேன். தப்பை ஒப்புக்கொள்வதை மட்டும் கவருக்குள் வைத்து ஒட்டிக் கொடுத்தால் அது நியாயமில்லை.

எனக்கு நாற்பது வயது, உனக்கு இருபது. டிப்ளமா முடித்த கையோடு கல்யாணம் செய்துகொண்டவன் நான். பஸ்ஸில் நம்மைப் பார்த்து அண்ணன் தம்பியா என்று கேட்கிறார்கள். மகனுக்குக் கடிதம் எழுதுகிற அப்பாக்களுக்கு நரையும் நிதானமும் இருக்கும் என்பார்கள். எனக்கு இரண்டும் இன்னும் வரவில்லை. எனக்குத் தெரிந்தது தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலுக்குக் கன்டெய்னர் ஏற்றி இறக்குகிற கேன்ட்ரி கிரேன். எது எப்போது பழுதாகும், பழுதாகும் முன்னால் என்ன சத்தம் போடும், அதுதான் என் படிப்பு, அதுதான் என் சம்பளம். மனிதர்கள் பழுதாகும் முன்னால் என்ன சத்தம் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது என்று கண்டுபிடிக்கவே எனக்கு இத்தனை வருடம் ஆனது.

இந்த மாடிக்கு நாங்கள் வந்த கதை உனக்குத் தெரியும், ஆனால் பலகையில் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கிரேன் ஒர்க்ஷாப்பில் வேலைபார்க்கும் நாங்கள் ஏழு பேர். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது பள்ளிக்கூடத்தின் வேலை. எங்கள் வேலை, அவர்கள் படிப்பு இடையில் நின்றுபோகாமல் பார்ப்பது. உதவித்தொகைக்கு வருடா வருடம் போட வேண்டிய விண்ணப்பம், வருகைக் கணக்கு, எந்தப் பிரிவு எடுப்பது, எந்தத் தேதிக்குள் எதை அனுப்புவது. ஆளுக்கு ஒரு பிள்ளை, சிலருக்கு இரண்டு. ஞாயிறு பூசை முடிந்து பத்தரைக்குக் கூடுவோம். ஐஸ் கம்பெனி மாடி ஏன் என்றால், வாடகை கேட்கவில்லை, தரை எப்போதும் குளுகுளு என்றிருக்கும். மீன் வாடையைப் பொறுத்துக்கொண்டால் ஏசி இலவசம்.

துறைமுகத்தில் ஷிப்டு தொடங்கும் முன்னால் எல்லாரும் நின்றபடியே பத்து நிமிடம் பேசுவோம். அதில் முதல் கேள்வி, நேற்று எது நடக்கப் பார்த்தது என்பது. நடந்த விபத்து வேண்டாம், அதைத்தான் எல்லாரும் பார்த்திருப்பார்கள். நடந்திருக்க வேண்டியது, மயிரிழையில் தப்பியது, அது வேண்டும். நாலு மூலையிலும் பூட்டுவதற்கு முன்னால் தூக்கப்பட்ட கன்டெய்னர், எண்ணெய் சிந்திய ஏணிப்படியில் வழுக்கிக் கம்பியைப் பிடித்துத் தொங்கிய ஆள். சொல்கிறவனைத் திட்டக் கூடாது என்பது விதி. கேட்கிறவன் "சொன்னதுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேச வேண்டும். திட்டினால் அடுத்த முறை மறைப்பான். மறைத்தால் ஒருநாள் ஆள் சாவான். அவ்வளவு எளிய கணக்கு.

இந்த வழக்கத்தை அப்படியே மாடிக்குக் கொண்டுவந்தது நான்தான். பிள்ளைகள் அதற்கு 'மயிரிழை' என்றே பெயர் வைத்தார்கள். ஞாயிறு வந்ததும் வட்டமாக நிற்போம், ஒவ்வொருவரும் அந்த வாரத்து மயிரிழையைச் சொல்ல வேண்டும், நாங்கள் ஏழு பேரும் சேர்த்துத்தான். முதல் மூன்று வருடம் அது ஓடிய ஓட்டம் எனக்கே ஆச்சரியம். ஒரு பையன், கணக்குப் பரீட்சைக்குப் பதில் கடலுக்குப் போகத் தூண்டில் வரை எடுத்துவிட்டுத் திரும்பியதைச் சொன்னான். ஒரு பிள்ளை, விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போடப் பார்த்ததைச் சொன்னாள். எல்லாவற்றையும் சரிசெய்தோம். எத்தனை மயிரிழை வந்தது என்று மாதம் தவறாமல் வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். எனக்கு வரைபடம் இல்லாமல் தூக்கம் வராது.

போன வருடம் அக்டோபரில் ஒரு ஞாயிறு. முத்துச்செல்வி ப்ளஸ் டூ. என் பொறுப்பில் இருந்த பிள்ளை. அவள் அம்மா ஊருக்குத் தெற்கே உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். மழைக்கு முன்னால் உப்பையெல்லாம் வாரி அம்பாரமாகக் குவித்து மூட வேண்டும், அந்த வாரங்களில் எத்தனை கை வந்தாலும் போதாது. முத்துச்செல்வி வட்டத்தில் நின்று, "இந்த வாரம் நாலு நாள் ஸ்கூலுக்குப் போகல சார். அம்மாகூட அளத்துக்குப் போனேன். அஞ்சாவது நாளும் கெளம்பிட்டேன், பாதி வழியில திரும்பி ஸ்கூலுக்குப் போயிட்டேன்" என்றாள். கொஞ்சம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். திரும்பி வந்ததில் அவளுக்குப் பெருமை. அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள்.

நான் நன்றி சொல்லவில்லை. "நாலு நாளா? இதோட சேத்து மொத்தம் எத்தன நாளு?" என்றேன். "பதினேழு சார்" என்றாள். போனை எடுத்தேன், கால்குலேட்டரைத் திறந்தேன், பத்துப் பேர் பார்க்க அவள் வருகைச் சதவீதத்தைப் போட்டேன். திரையை அவள் முகத்துக்கு நேராக நீட்டி, "படி, சத்தமா படி" என்றேன். படித்தாள். "இது கொறஞ்சா ஒதவித்தொக நிக்கும். நின்னா எல்லாம் நிக்கும். ஒங்களுக்காக ஏழு பேரு ஞாயித்துக்கெழம வீட்ட விட்டுட்டு வாரோம், தெரியுதா?" என்றேன். கணக்கு சரி. அந்தச் சதவீதம் இன்றும் சரி. நீ அப்போது ஓரத்தில் ஸ்டூலில் ஏறி நின்று மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தாய். திருப்புளியைப் பல்லில் கடித்தபடி என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. வேலையைப் பார்க்காமல் வேடிக்கை பார்க்கிறான் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு வட்டத்தில் நின்றார்கள். "சைக்கிள் செயின் கழண்டுருச்சு சார், நல்லவேள விழல." அடுத்தவன், "எனக்கும் செயின்தான் சார்." மூன்றாவது ஆளிடம் சைக்கிளே கிடையாது, அவன் அண்ணன் சைக்கிளின் செயின் கழன்றது. தூத்துக்குடியில் ஓடுகிற அத்தனை சைக்கிளின் செயினும் அந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் கழன்றிருக்கிறது. நான் அதையெல்லாம் மரியாதையாக நோட்டில் எழுதினேன். பெரிய மயிரிழை எதுவும் இல்லை. வரைபடம் சரசரவென்று இறங்கியது. ஒர்க்ஷாப்பில் அதை எல்லாருக்கும் காட்டி, "பாத்தியளா, ஒரு தடவ கண்டிப்பா பேசுனா எப்படி வேல நடக்குனு" என்றேன். மக்கா, இதுதான் நான் வாழ்க்கையில் செய்ததிலேயே முட்டாள்தனமான காரியம். வருடா வருடம் புதுப் பயிற்சியாளர்களுக்கு நான் நடத்தும் முதல் வகுப்பே இதுதான்: மயிரிழை குறைந்தால் சந்தோஷப்படாதே, பயந்து போ, ஆட்கள் மறைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். அதைப் பலகையில் எழுதிக் காட்டுகிற நான், என் சுவரில் இறங்கின கோட்டைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

இதற்கு முன்னாலும் ஒரு தடவை இதைச் செய்திருக்கிறேன், உன்னிடம். உனக்குப் பதினோரு வயது. என் மல்டிமீட்டரை எடுத்து, ரெசிஸ்டன்ஸ் அளக்கிற இடத்தில் முள்ளை வைத்தபடியே வீட்டுப் பிளக்கில் சொருகினாய். மீட்டர் புகைந்தது. உனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் ஷிப்டு முடிந்து வந்து காலைக் கழுவுவதற்குள் நீயாகவே வந்து நின்று, "அப்பா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று முழுக்கச் சொன்னாய். விருந்துக்கு வந்திருந்த உன் மாமா பிள்ளைகள் முன்னால் உன்னை ஒரு மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினேன். உயிர் தப்பின பிள்ளையை விட்டுவிட்டு மீட்டருக்கு அழுதேன். அதற்கப்புறம் ஒன்பது வருடம், "என்னல, ஸ்கூல்ல என்ன?" என்று எப்போது கேட்டாலும் உன் பதில், "ஒண்ணும் இல்லப்பா." அதையும் நான் நல்ல வரைபடம் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஜனவரிக் கடைசியில் உன் பாலிடெக்னிக்கிலிருந்து வருகை குறைகிறது என்று கடிதம் வந்தது. கடைசி வருடம், இரண்டு மாதத்தில் பரீட்சை. உன் பாதத்தைப் பார்த்தேன், வெடித்துக் கிடந்தது. பந்து விளையாடப் போகிறாய் என்று முடிவு செய்து கத்தினேன். நீ "ஒண்ணும் இல்லப்பா" என்றாய். உன் அம்மா இட்லி எடுத்து வைத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் ஷிப்டு முடிந்து டீக்கடையில் நிற்கிறேன். முன்பின் தெரியாத ஒருத்தர் பக்கத்தில் வந்து நின்றார். உப்பளத்துக் கங்காணி, வேலையாட்களை மேய்க்கிறவர். "அண்ணாச்சி, நீங்கதான அந்தப் பயலுக்கு அப்பா? மொகம் அப்படியே இருக்கு. நல்லா மிதிக்கான் அண்ணாச்சி. மொத நாலு நாளு தாளம் வரல, இப்பப் பொம்பளைகளுக்குச் சமமா வாரான். பாலிடெக்னிக்கு முடிஞ்சதும் எங்கிட்டயே விட்டுருதியளா?" என்றார். டீ என் சட்டையில் சிந்தியது.

மறுநாள் விடிந்ததும் உப்பளத்துக்கு வந்து பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் வரப்பில் ரொம்ப நேரம் நின்றேன் என்பது உனக்குத் தெரியாது. மழை முடிந்து தண்ணீர் வடித்த பாத்தி. புது வருடத்து உப்பு விளைய வேண்டுமென்றால் அந்தச் சேற்றை மிதித்து மிதித்து சிமெண்டுத் தரை மாதிரி இறுக்க வேண்டும். ஆறு பெண்கள் வரிசையாகத் தோளைப் பிடித்தபடி மிதித்துக்கொண்டு போகிறார்கள். கடைசியில் நீ, லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு. முன்னால் போன அம்மா ஒருத்தி திரும்பாமலேயே உன்னைக் காய்ச்சுகிறாள். "ஏலே இன்சினியரு, பூவுல நடக்க மாதிரி நடக்காத. குதிய ஊணு. ஒங்க அப்பன் ஒன்ன கிரேன்லயா எறக்கி விட்டான்?"

"ஊணித்தான் மிதிக்கேன் அத்த."

"இவன் ஊணுன எடத்துல தண்ணி நிக்கி, வந்து பாருங்களா. கப்பலே விடலாம்." வரிசை முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய். வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்து வருடக்கணக்கில் ஆகிறது. அப்போதுதான் இன்னொருத்தி என்னைப் பார்த்தாள். "யாருளா அது, வரப்புல பூட்ஸ போட்டுட்டு கலெக்டரு மாதிரி நிக்கது?"

நீ நிமிர்ந்து பார்த்தாய். "எங்க அப்பா."

"அய்யய்யோ, நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்று உன்னைக் காய்ச்சிய அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துகொண்டாள்.

வரப்பில் வைத்து நீ எனக்குச் சொன்னது மொத்தமே நாலைந்து வாக்கியம். கிறிஸ்மஸ் கழிந்த ஞாயிறு, மாடிப்படியில் வைத்து முத்துச்செல்வி உன்னிடம், "அண்ணே, அடுத்த வாரத்துல இருந்து வர மாட்டேன். எங்க மாமா மங்களூர்ப் பக்கம் ஒரு மீன் கம்பெனில வேலைக்குச் சொல்லி வச்சுட்டாவ. வெள்ளிக்கெழம ரயிலு" என்றிருக்கிறாள். அவள் அம்மா வாய்க்கால் கரையில் வழுக்கிக் கணுக்கால் முறிந்து கிடந்தார். பாத்தி மிதிக்கிற நாளில் வரிசையில் இல்லாத ஆளுக்கு அந்த வருடம் முழுக்க அந்த வேலையாட்கள் செட்டில் இடம் கிடையாது, வேறு ஆள் வந்துவிடும். இது அளத்து வழக்கம். ப்ளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அவள் ரயிலேறியிருந்தால் எங்கள் எண்ணிக்கை பத்து என்பதல்ல விஷயம். அவளுக்குப் பன்னிரண்டு வருடப் படிப்பு ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிந்திருக்கும்.

"பணம் வேணும்னா ஏழு பேரும் போட்டுருப்போம்ல" என்றேன். "பணம் கொடுத்தா சோறு வரும்ப்பா, எடம் வராது. பதில் ஆளு அனுப்புனா எடத்த வேற யாருக்கும் கொடுக்க மாட்டாங்க. கங்காணிட்ட கேட்டேன். ஆம்பள ஆளானாலும் பரவால்லனு சொன்னாரு" என்றாய். பதினான்கு நாள், காலையில் அவள் அம்மாவுக்குப் பதிலாக மிதித்துவிட்டு, பத்து மணிக்குக் காலைக் கழுவிக்கொண்டு பாலிடெக்னிக் போயிருக்கிறாய். முதல் வகுப்பு இரண்டும் உனக்குக் கிடைக்கவே இல்லை. கூலியை அப்படியே அவள் வீட்டில் கொடுத்திருக்கிறாய். முத்துச்செல்வி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ஏம்ல சொல்லல?" என்றேன். நீ சேற்றைச் சுரண்டிக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னாய்: "சொன்னா நீங்க கால்குலேட்டர எடுப்பீங்க."

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் பெரிய செய்தி சொல்வதுபோல் ஆரம்பித்தேன். அவள் கையை உதறினாள். "பதினாலு நாளா சேத்துத் துணிய தொவைக்கது யாரு, நீங்களா? எனக்குத் தெரியும்." "தெரிஞ்சுமா சொல்லல?" "ஒங்களுக்கு மிசினுட்ட இருக்கப் பொறும மனுசங்கட்ட கெடையாது. ஒங்கட்ட சொல்லி அந்தப் பிள்ளய இன்னொரு தடவ அழ வைக்கச் சொல்லுதியளா?" இருபத்தோரு வருடக் குடித்தனத்தில் அவள் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். சாப்பாடு மட்டும் வழக்கம்போலப் போட்டாள்.

அந்த ஞாயிறு வட்டத்தில் முதல் ஆளாக நான் சொன்னேன். "இந்த வருசம் நான் ஒரு பிள்ளையோட படிப்ப நிறுத்தப் பாத்தேன். வேலைக்கு அனுப்பி இல்ல. பத்துப் பேரு முன்னால வச்சு ஒரு கேள்வி கேட்டு. எம்மகன் இல்லன்னா அது நின்னுருக்கும். மயிரிழை." முத்துச்செல்வி தரையைப் பார்த்தபடியே, "சொன்னதுக்கு நன்றி சார்" என்றாள். அப்புறம் பதினோரு பேரும் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துத் தொலைத்தேன். அன்றைக்கு வந்த மயிரிழைகளை எழுத நோட்டில் நான்கு பக்கம் ஆனது. சைக்கிள் செயின் ஒன்றுகூட இல்லை. இரண்டு பேருடைய விண்ணப்பத்தில் பிறந்த தேதி தப்பு, ஒருத்தனுக்கு இயற்பியல் செய்முறை நோட்டில் பாதிக்குக் கையெழுத்து வாங்கவில்லை, ஒரு பிள்ளைக்கு வீட்டில் கல்யாணப் பேச்சு. எல்லாம் மூன்று மாதமாக அவர்களிடமே கிடந்தது. எல்லாவற்றையும் இரண்டே வாரத்தில் முடித்தோம். அந்தக் கல்யாணப் பேச்சை நிறுத்தியது எங்கள் ஏழு பேரில் ஒருத்தரான நம்ம வெல்டர்தான், அந்தப் பிள்ளையின் அப்பாவோடு நாலு நாள் உட்கார்ந்து கேரம் ஆடியே.

இப்போது உன்னைத் திட்டுகிற பகுதி. திட்டு இல்லாமல் நான் கடிதம் எழுதினால் கையெழுத்துப் போலி என்பாய். நீ செய்தது சரி, செய்த விதம் தப்பு. ஒருத்தனாகவே தூக்கினாய். உனக்குக் காய்ச்சல் வந்திருந்தால்? உன் பரீட்சை போயிருந்தால்? ஒரே ஒரு வயரில் கப்பலைக் கட்டக் கூடாது என்பது உனக்குத் தெரியும். பதினைந்தாம் நாளிலிருந்து நாங்கள் ஏழு பேரும் ஷிப்டு அட்டவணை போட்டு மாறி மாறிப் பதில் ஆளாகப் போனோமே, அது நீ இரண்டாம் நாளே கேட்டிருக்க வேண்டியது. கேட்க முடியாதபடி வைத்திருந்தது நான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். என் முதல் நாளில், வரிசையில் உன்னைக் காய்ச்சிய அந்த அம்மா, "மகன் எவ்வளவோ தேவல, இவுரு மிதிச்சது எலி நடந்த மாதிரி இருக்கு" என்று சொன்னதை வீட்டில் வந்து சொல்லிவிட்டேன், நீ ஒர்க்ஷாப் முழுக்கப் பரப்பிவிட்டாய். பரவாயில்லை. முத்துச்செல்வியின் அம்மா பிப்ரவரிக் கடைசியில் கட்டுப் பிரித்து வந்து அதே வரிசையில் தன் இடத்தில் நின்றார். மகள் அதற்குள் செய்முறைத் தேர்வு முழுக்க எழுதி முடித்திருந்தாள். வேதியியலில் அவள் வாங்கிய மதிப்பெண் எங்கள் ஏழு பேரில் எவனும் வாங்காதது.

உன் டிப்ளமாவையும் முதல் வகுப்பில் முடித்துவிட்டாய். போகிற இடத்தில் உனக்கு மேல் ஒருத்தன் இருப்பான், அநேகமாக என்னை மாதிரி. மயிரிழையைச் சொன்னால் பாய்வான். பாய்ந்தாலும் சொல். எழுதிக் கொடு, தேதி போடு, பிரதி வைத்துக்கொள். நாளைக்கு நீ மேலே வருவாய். உன் சுவரில் கோடு இறங்கினால் கைதட்டாதே. கீழே போய், யார் பேசாமல் இருக்கிறான் என்று பார். ஆட்கள் சத்தமாகச் சிரித்துக்கொண்டு, உன்னையும் கேலி செய்துகொண்டு வேலை பார்த்தால் அந்த இடம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இதை நான் எந்தக் கையேட்டிலும் படிக்கவில்லை. வரப்பில் நின்று பார்த்தேன், பூட்ஸோடு.

பதினொன்றுக்குப் பதினொன்று. இந்தக் கணக்கில் எனக்குப் பங்கு உண்டு, இல்லை என்று பணிவாகச் சொல்லப்போவதில்லை. ஆனால் பதினொன்றாவது எண் உன்னுடையது. எனக்கு உன்னைப் பார்த்துப் பெருமையாக இருக்கிறது. இந்த வாக்கியத்தை நான் இதற்கு முன்னால் உன்னிடம் சொன்னதில்லை, நேரில் சொல்லவும் வராது. ஒட்டப்போகிற பிரதியிலும் இதை அடித்து நீக்கப் போவதில்லை.

இனி நான் செய்யப் போவது:

1. சுவரில் இருக்கும் வரைபடத்தைக் கிழிக்க மாட்டேன். இறங்கின அந்த மூன்று மாதத்தைச் சிவப்பில் வட்டம் போட்டு, கீழே "இது என் தப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். புதிதாக வந்திருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கும் அதுதான் முதல் பாடம்.

2. பதில் ஆள் அட்டவணையை நிரந்தரமாக்குவேன். எந்தப் பிள்ளையின் வீட்டில் யார் படுத்தாலும் அவர் வேலையின் இடம் போகக் கூடாது. கல்லூரிக்குப் போன பதினொரு பேரில் நான்கு பேர் விடுமுறையில் வந்து சேர்ந்துகொள்கிறோம் என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். முத்துச்செல்வி ஐந்தாவது.

3. ஒரு மல்டிமீட்டர் வாங்கி உன் பெட்டியில் வைப்பேன். புதிது. எரித்தால் எனக்குப் போன் செய்து எப்படி எரிந்தது என்று சொல், கேட்க ஆசையாக இருக்கிறது.

4. புதன்கிழமை ஸ்டேஷனுக்கு வருவேன். பிளாட்பாரத்தில் அறிவுரை சொல்ல மாட்டேன். சொன்னால் உன் அம்மா என் கையைக் கிள்ளுவதாக ஏற்பாடு.

5. நாளைக் காலை ஐந்து மணிக்குத் துறைமுகச் சாலையில், லாரிகள் நிற்கிற இடத்தில், ஒரு இட்லிக் கடையில் நிற்பேன். இன்றைக்கு வட்டத்தில் புதுப் பிள்ளை ஒருத்தி, "நாளையில இருந்து பத்து நாளு ஸ்கூலுக்கு வர மாட்டேன் சார். அம்மாவுக்குக் கண்ணு ஆபரேசன். கடைய மூடுனா அந்த எடத்துல வேற ஆளு அடுப்பு வச்சுரும், அதான் நான் நிப்பேன்" என்றாள். வந்த மூன்றாவது வாரமே, என் முகத்தைப் பார்த்து, எல்லார் முன்னாலும் சொன்னாள். மாவை அவள் அம்மாவின் தங்கை ஆட்டிக் கொடுப்பார், சட்னி உன் அம்மா. எனக்கு இந்தப் பத்து நாளும் மதிய ஷிப்டு. இட்லி எடுக்க வராது, லாரிக்காரர்கள் திட்டுவார்கள், வாங்கிக்கொள்கிறேன். அவள் ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். நீ உதவிக்கு வராதே. பெட்டியைக் கட்டு.